நியூட்ரலில் இறங்கிய வேன்

அன்றைக்கு வேனில் இருந்தது ஏழு பேர். ஓட்டியது நான். பக்கத்து சீட்டில் மன்னவனூர்ப் பொண்ணு செல்வி. ரயில் எஞ்சின் ஓட்டுகிறவர், லீவு முடிந்து டூட்டிக்குத் திரும்புகிறார். நடுவில் சென்னைக் குடும்பம்: புருஷன், பெஞ்சாதி, ரெண்டு பிள்ளைகள். கடைசி சீட்டில் பேத்துப்பாறை பூண்டு வியாபாரி. கொடைக்கானலில் ஏறிய எல்லாருக்கும் கீழே கொடைரோடு ஸ்டேஷனில் ரயில்.

நான் எட்டாவதோடு நின்றவன். பயந்த ஆள். வீட்டைப் பூட்டிவிட்டு வந்தால், கேஸை மூடினோமா என்று திரும்பிப் போய்ப் பார்க்கிற ரகம். அப்படிப்பட்டவனுக்கு வாய்த்தது மலை ரோட்டில் டிரைவர் வேலை.

முதலாளி ஒரு நடைக்கு இவ்வளவுதான் என்று டீசலை அளந்து தருவார். கூடினால் சம்பளத்தில் பிடிப்பார். "ஏலே, ஏத்தத்துக்குத்தான் டீசல். இறக்கத்துல வண்டி தானா உருளும். நியூட்ரல்ல விடு" என்பார். எங்கள் ஸ்டாண்டில் எல்லாரும் அப்படித்தான் இறக்குவோம், பிரேக்கை மட்டும் நம்பி. ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் பிரேக்கை ஒரு தடவை மிதித்துப் பார்த்துக்கொள்வேன்.

பெருமாள்மலை தாண்டியதும் செல்வி கியரைப் பார்த்தார்.

"அண்ணே, நியூட்ரல்லயா வர்றீங்க?"

"டீசல் மிச்சம்மா."

"நாங்க இறக்கத்துல மோட்டாரையே பிரேக்கா ஆக்கிருவோம்ணே. அதுல உண்டாகுற கரண்டு மேல கம்பிக்குப் போயிரும். ஏத்தம் ஏறுற இன்னொரு ரயிலு அதை எடுத்துக்கும்."

"உங்களுக்குக் கம்பி இருக்கு. எனக்கு முதலாளிதான் இருக்காரு."

"அவருகிட்ட போனது எங்க திரும்பி வரும்?" என்று பின்னாலிருந்து பூண்டு வியாபாரி சிரித்தார்.

ஊத்து தாண்டினோம். கருகின வாடை வந்தது. வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தேன். பெடல் பஞ்சு மாதிரி இறங்கியது. மறுபடி மிதித்தேன். தரையைத் தொட்டது. கியரைப் போட்டால் விழாமல் கரகரவென்று கத்துகிறது.

"ஹேண்ட் பிரேக்கை நான் பார்த்துக்கிறேன். நீங்க கியரைப் பாருங்கண்ணே" என்று செல்வி அதைக் கொஞ்சங்கொஞ்சமாக இழுத்தார். நான் ஆக்ஸிலேட்டரை ஒரு மிதி கொடுத்து மூன்றாவதைத் திணித்தேன். வண்டி உறுமியது. பிறகு இரண்டாவது. மலைப்பக்கத்து மண்மேட்டில் உரசி நின்றது. நாலு சக்கரத்திலும் புகை.

சென்னைக்காரர் இறங்கிவந்தார். "தண்ணிய ஊத்திட்டுக் கெளம்புங்க. ட்ரெயினுக்கு டைம் ஆச்சு."

"சூட்டுல ஊத்தினா பிரேக் டிரம் வெடிச்சிரும் சார். தானா ஆறணும்."

"எவ்வளவு நேரம்?"

"தெரியல சார்."

"நாம கெடக்க வேண்டிய இடம் அந்தா பள்ளத்துல கெடக்கு. ரயிலு நாளைக்கும் வரும் சார்" என்றார் வியாபாரி.

ஆறின பிறகு இரண்டாவது கியரிலேயே கீழே வரைக்கும் ஊர்ந்தேன். ரயில் போய்விட்டது. செல்வி ஆபீசுக்குப் போன் பேசிவிட்டுத் திண்டுக்கல் பஸ் ஏறினார். சென்னைக்காரர் என் முதலாளிக்குப் போன் போட்டார். முதலாளி நாலு டிக்கெட்டுக்கும் பணம் கொடுத்து, அதை என் கணக்கில் ஏற்றினார்.

"நியூட்ரல்ல விடச் சொன்னது நீங்கதானே?"

"விடத்தான் சொன்னேன். வழியில நிப்பாட்டச் சொன்னேனா?"

அதற்கப்புறம் கியரில்தான் இறங்குகிறேன். டீசல் கூடும், அதையும் பிடிப்பார் என்று தூக்கமே இல்லை. ஒரு மாசம் பார்த்தேன். கூடவில்லை. மெக்கானிக்கிடம் கேட்டேன். "புது எஞ்சின்ணே. கியர்ல இருக்கப்ப ஆக்ஸிலேட்டரை விட்டா டீசலே போகாது. நியூட்ரல்லதான் குடிச்சுக்கிட்டே வரும்" என்றார். ஒரு சொட்டுகூட மிச்சமாகாத காரியத்துக்கு ஏழு உசுரைப் பணயம் வைத்திருக்கிறேன்.

புதுசாக மலைக்கு வருகிற டிரைவர் தம்பிகளே, ஏறின கியரிலேயே இறங்குங்கள். முதலாளி திட்டினால் திட்டட்டும்.

என் முதலாளி மெக்கானிக் சொன்னதைக் கேட்டு, "அப்படியா?" என்றார். அந்த டிக்கெட் பணத்துக்காக மாசம் ஐந்நூறு பிடிப்பதை நிறுத்தவில்லை. இன்னும் ஆயிரத்து எழுநூறு பாக்கி.