நூற்றெட்டு பில்டும் ஒரு பால்குடமும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று வருடமாகத் தயங்கினேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் கம்ப்யூட்டரைப் பற்றி எழுதினால் சிரிப்பார்களே என்று கூச்சம். சிரித்தால் சிரிக்கட்டும், அம்மன் சாட்சியாக நடந்ததைச் சொல்கிறேன்.

தாராவியில் எங்கள் அம்மன் கோயிலுக்கு என் மகள் ஓர் இணையப் பக்கம் செய்து கொடுத்தாள். அவளுக்கு விக்ரோலியில் சாப்ட்வேர் வேலை. அறிவிப்பு போடுவது என் பொறுப்பு. நான் எழுதி ‘சேமி’ பொத்தானை அழுத்தினால் போதும். சர்வரில் அவள் எழுதிவைத்த நிரல் தானாகவே கிளவுடைக் கூப்பிட்டு, ‘பில்ட்’ என்ற வேலையைத் தொடங்கிவிடும். ஐந்து நிமிடத்தில் பக்கம் புதிதாகக் கட்டப்பட்டு எல்லார் போனிலும் வந்துவிடும்.

கோயில் கொடைத் திருவிழாவுக்கு முந்தின நாள் மத்தியானம் பால்குட அறிவிப்பைப் போட்டேன். அம்மன் காரியத்தை ஒரே அழுத்தில் முடிக்க மனம் ஒப்பவில்லை. ஜபமாலையில் ஒரு மணி உருட்டினால் ஓர் அழுத்து என்று நூற்றெட்டு முறை அழுத்திக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

பிறகுதான் வாசித்துப் பார்த்தேன். போன வருட அறிவிப்பைப் பார்த்து எழுதியதில் போன வருட நேரமே விழுந்திருந்தது: சாயங்காலம் ஆறு. இந்த வருடம் காலை ஆறு! திருத்தி இன்னொரு முறை அழுத்தினேன். அரை மணி ஆகியும் பக்கத்தில் சாயங்காலம்தான். குடம் எடுக்கும் பெண்களெல்லாம் காலையில் வீட்டிலேயே இருந்துவிட்டால்? மகளுக்குப் போன் போட்டேன்.

“எப்பா, ஒரு அழுத்துக்கு ஒரு பில்டு. ஒண்ணு முடிஞ்சாத்தான் அடுத்தது. பழசு நூறுக்கு மேல லைன்ல நிக்கு. ஒங்க திருத்தம் கடைசில! அது வர ராத்திரி ஆயிரும்.”

“அம்மனுக்குன்னு அழுத்துனேன் மக்கா.”

“அர்ச்சனை பண்ண ஒங்களுக்கு என் சர்வர்தான் கெடச்சுதா?”

சிரித்துக்கொண்டே பழையதையெல்லாம் ரத்து செய்து, திருத்தத்தை மட்டும் ஓடவிட்டாள். இனி எத்தனை முறை அழுத்தினாலும் கடைசி அழுத்து மட்டும் ஓடும்படி நிரலையும் மாற்றினாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் குடங்கள் வந்து நின்றன. ஒன்று மட்டும் குறைந்தது. தாணேயில் இருக்கும் என் அக்கா. பழைய நேரத்தைப் பார்த்ததோடு போனை மூடி வைத்துவிட்டாள். சாயங்காலம் ஆறு மணிக்கு, மஞ்சள் சேலையும் தலையில் குடமுமாக, அன்று முழுக்கப் பட்டினியாக வந்து நின்றாள்.

“ஏலே, ஊர்வலம் எங்கலே?”

“நாந்தான்க்கா.”

கொட்டுக்காரர்கள் போய்விட்டார்கள். ஒரு தாம்பாளத்தைத் தட்டிக்கொண்டு அவளுக்கு முன்னால் நடந்தேன். அபிஷேகம் ஆனதும் அம்மன் முகத்தைப் பார்த்தேன், கோபம் தெரியவில்லை. அக்கா முகத்தைப் பார்க்கத் துணிவில்லை.

இதைப் பிறருக்குச் சொல்கிறவர்கள் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். நூற்றெட்டை ஆயிரத்தெட்டு ஆக்கிவிட வேண்டாம். என் மச்சான் ஏற்கெனவே அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிகிறார்.