தொன்னை வரிசை

கன்னிகாவுக்குக் கோபம் வந்தால் வாய் பேசாது, பாத்திரம் பேசும். திருச்சானூரில் அவள் சமைக்கும் தனியார் பள்ளிக்கூடத்தில் இது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அன்று காலை குண்டான்கள் உருளும் சத்தம் ஆபீஸ் ரூம் வரைக்கும் கேட்டது.

காரணம், அடுக்களைச் சுவரில் மேனேஜர் நாகபூஷணம் ஒட்டிவிட்டுப் போன ஒரு காகிதம். மதியச் சாப்பாட்டுக்கு மாதப் பணம் கட்டாத பிள்ளைகளுக்கு இனிமேல் தனி வரிசை. சாம்பார், பொரியல், அப்பளம், மோர் எதுவும் கிடையாது. வெறும் புளியோதரை. அதுவும் தட்டில் இல்லை, தொன்னையில். கீழே பதினோரு பிள்ளைகளின் பெயர்கள். நாலு பேர் பார்க்கக் குழந்தை தனியாக நின்றால், பெற்றவர்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்து கட்டிவிடுவார்கள் என்பது அவருடைய யோசனை. நாகபூஷணம் பொல்லாதவர் இல்லை. மேலிடம் நெருக்கினால் கீழே இருப்பவர்களை நெருக்குவதைத் தவிர வேறு வழி தெரியாதவர், அவ்வளவுதான்.

சத்தம் கேட்டுத் திரும்பி வந்தவருக்கு, அவள் முகத்தைப் பார்த்ததுமே இவள் ஒளித்துப் போடுவாள் என்று புரிந்துவிட்டது. இந்தப் பதினோரு பேரில் ஒருவருக்கு ஓர் அப்பளம் போனாலும் மறுநாள் நீ வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கன்னிகா குண்டானை அடுப்பில் ஏற்றினாள். பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து ஏழு வருஷத்துக்கு முன்னால் புருஷன் தனசேகரோடு வந்தவள் அவள். அவன் ஷேர் ஆட்டோ ஓட்ட, இவள் லாட்ஜில் படுக்கை விரிப்பு துவைத்தாள். பிறகு இங்கே காய் நறுக்க வந்தாள். சமையல்காரர் வராத ஒரு நாள் இருநூறு பேருக்கு இவள் வைத்த சாம்பாரை வாத்தியார்களே இரண்டாந்தடவை கேட்டு வாங்கினார்கள். அன்றைக்குக் கைக்கு வந்த கரண்டியை அவள் கீழே வைக்கவில்லை. மகள் ஹர்ஷினி இதே பள்ளியில் ஃபீஸ் இல்லாமல் எட்டாவது படிக்கிறாள். வேலை போனால் அந்தப் படிப்பும் போய்விடும்.

மறுநாள் மதியம் பத்துப் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டு வந்து நின்றன. பதினோராவது பெயர் சுஷ்மிதா, ஆறாம் வகுப்பு. ஸ்ரீசிட்டி கம்பெனியில் அவளுடைய நைனாவுக்குக் காண்ட்ராக்ட் முடிந்து இரண்டு மாதமாக வேலை இல்லை. அவள் வரவில்லை. குழாயடியில் உட்கார்ந்து தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தாள். ஹர்ஷினி போய்க் கூப்பிட்டதற்குப் பசிக்கவில்லை என்றாளாம். பசிக்காத வயதா அது? கன்னிகா சுவரில் இருந்த காகிதத்தை மறுபடி படித்தாள். பாம்பும் சாக வேண்டும், தடியும் முறியக் கூடாது. என்ன செய்வது?

சாயங்காலம் அவள் வீடு திரும்பிய தனசேகரின் ஆட்டோ பத்மாவதித் தாயார் கோயில் தெருவில் கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டது. தரிசனம் முடித்து வந்தவர்கள் பிரசாதத் தொன்னையும் கையுமாக நின்றுகொண்டிருந்தார்கள். தங்க வாட்ச் கட்டிய ஒரு பெரிய மனிதரும், தெரு கூட்டும் ஓர் அம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, தொன்னையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு புளியோதரை சாப்பிட்டார்கள். அந்த மனிதர் தொன்னையை வழித்து வேறு நக்கினார். கன்னிகா சத்தம் போட்டுச் சிரித்துவிட்டாள். தனசேகர் பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தான்.

"இந்த ஊர்ல தொன்னையில புளியோதரை வாங்கித் துன்றதுக்கு எவன்யா வெக்கப்படுவான்?" என்றாள்.

புளியோதரை மட்டும்தான் போட வேண்டும் என்று காகிதம் சொன்னதே தவிர, அது எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. மறுநாள் கன்னிகா பழைய புளியைக் கரைத்தாள். நல்லெண்ணெய் காய்ந்ததும் பெருங்காயம், கடலை, கறிவேப்பிலை, காரத்துக்கு மிளகு. வாசனை மாடியில் பத்தாம் வகுப்பு வரைக்கும் ஏறிப்போய்க் கணக்குப் பாடத்தைக் கெடுத்தது. தினமும் செய்வதுபோல் பத்மாவதித் தாயார் படத்துக்கு முதலில் காட்டினாள். அன்று கூடுதலாகச் செய்தது ஒன்றே ஒன்று. தனி வரிசைக்கான மேஜையைத் தாயார் படத்துக்குக் கீழேயே இழுத்துப் போட்டாள்.

முதல் பையனிடம் தொன்னையை இரண்டு கையாலும் கொடுத்தாள். யாரும் சொல்லாமலே அவன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். நாலாவது தொன்னை போவதற்குள் சாம்பார் வரிசை கலைந்துவிட்டது. ஒரு வாய் ஆன்ட்டி, ஒரே ஒரு வாய் என்று தட்டை நீட்டிக்கொண்டு வந்தவர்களிடம் கன்னிகா கறாராக நின்றாள். துட்டு கட்டினவர்களுக்கு இது கிடையாது, சார் எழுதி ஒட்டியிருக்கிறார் பார் என்று சுவரைக் காட்டினாள்.

குழாயடியிலிருந்து சுஷ்மிதா எட்டிப் பார்த்தாள். பிறகு மெதுவாக வந்து வரிசையில் நின்றாள். தொன்னையை வாங்கிக்கொண்டு திரும்பியதும் நாலைந்து பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டு கையை நீட்டினார்கள். அவள் ராணி மாதிரி ஆளுக்கு ஒரு பிடி கொடுத்தாள். கன்னிகாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மிளகுக் காரம் என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிக்கொண்டாள்.

அடுத்த நாள் ஆபீஸ் போன் ஓயவில்லை. அடுத்த மாதம் சாப்பாட்டுப் பணம் கட்ட வேண்டாம் என்று பையன் அழுகிறான், என்ன விஷயம் என்று கேட்டது ஒரு வீடு. இன்னொரு வீட்டில் கட்டின பணத்தையே திருப்பிக் கேட்டார்கள். நாகபூஷணம் சிவந்த முகத்தோடு அடுக்களைக்கு வந்தார். பிள்ளைகள் வழிவிட்டார்கள். கன்னிகாவுக்கு ஹர்ஷினியின் படிப்பு ஒரு கணம் கண்ணுக்கு முன்னால் வந்து போனது. அவர் வாயைத் திறப்பதற்குள், அவளுடைய கை தானாகவே ஒரு தொன்னையை எடுத்து அவர் பக்கம் நீட்டிவிட்டது.

இந்த ஊரில் பிறந்து வளர்ந்த மனிதர். அவருடைய கால்கள் அவரைக் கேட்காமலே செருப்பைக் கழற்றின. வலது கையைக் குவித்து, இடது கையை அதற்குக் கீழே வைத்து வாங்கினார். கண்ணில் ஒற்றினார். பள்ளிக்கூடமே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு வாய் போட்டார், இன்னொரு வாய் போட்டார். தாயாருக்கு முன்னால் கண்ணில் ஒற்றி வாங்கியதை இனி எந்த வாயால் தண்டனை என்று சொல்வார்? காலியான தொன்னையைத்தான் மறுபடியும் நீட்டினார்.

"பின்னாடி போய் நில்லுங்க சார். இது துட்டு கட்டாத பசங்க லைன்," என்றாள் கன்னிகா.

அவர் சுஷ்மிதாவுக்குப் பின்னால் போய் நின்றார்.

திங்கட்கிழமை சுவரில் காகிதம் இல்லை. எல்லாருக்கும் ஒரே வரிசை, ஒரே தட்டு, ஒரே சாம்பார். பணம் கட்டாத வீடுகளுக்கு அவரே போனில் பேசி, வேலை கிடைக்கும் வரைக்கும் தவணை சொன்னார். புளியோதரை வெள்ளிக்கிழமை மட்டும், பள்ளிக்கூடம் முழுவதற்கும்.

புதன்கிழமை பீன்ஸ் பொரியல். சுஷ்மிதா தட்டைப் பார்த்தாள், மூக்கைச் சுளித்தாள்.

"இன்னா ஆன்ட்டி, இன்னைக்கும் பீன்ஸா? நல்லாவே இல்ல."

போன வாரம் பசிக்கவில்லை என்று பச்சைத் தண்ணீர் குடித்த பெண். கன்னிகா சிரிப்பை அடக்கிக்கொண்டு, இன்னும் ஒரு கரண்டி பீன்ஸ் வைத்தாள்.