சுவருக்குக் கீழே குடியிருந்தவள்

நோரா சக்டன் அதுவரை யார்மீதும் புகார் சொன்னதில்லை. இங்கிலாந்தில் ஒரு பள்ளிச் சமையலறையில் முப்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்குச் சாப்பாடு பரிமாறியவள். பிரிவு உபசார கேக்கில் தன் பெயரைத் தவறாக எழுதியிருந்ததைக்கூடச் சொல்லாமல், நன்றி கூறிச் சாப்பிட்டுவிட்டு வந்தாள். யார்க்‌ஷர் மலைச்சரிவில் அப்படித்தான் வளர்க்கிறார்கள். அடுத்தவருக்குத் தொந்தரவு கொடுப்பது அங்கே திருட்டுக்கு அடுத்த குற்றம்.

அவளே நகராட்சிக் கவுன்சிலுக்குப் புகார் எழுதினாள் என்றால், காரணம் கொல்லைப்புறத்துக் கற்சுவர். மேல்தெருவின் தோட்டங்களையெல்லாம் தாங்கி நிற்கும் உயரமான சுவர் அது. மேல்வீட்டு கேரி பூத்ராய்ட் மரக்கொட்டகை போட அனுமதி வாங்கிக்கொண்டு, சுவரின் விளிம்பிலேயே மாமியாருக்காக இரண்டு மாடிச் செங்கல் வீடு எழுப்பிவிட்டான். கொட்டிய கான்கிரீட் வழிந்து, சுவரில் தண்ணீர் வடியும் துளைகளையெல்லாம் அடைத்துவிட்டது. முன்பு மழை பெய்தால் அவள் முற்றத்தில் வாய்க்கால் ஓடும். இப்போது எவ்வளவு பெய்தாலும் ஒரு சொட்டு வருவதில்லை.

"வராத தண்ணி எங்க போகுது நோரா?" என்று கேட்டார் அவள் கணவர் ஆர்னல்ட். பக்கவாதம் வந்தபின் மாடியேற முடியாமல், அந்தச் சுவரைப் பார்த்த பின்னறையில்தான் கிடந்தார். "அது சுவருக்குப் பின்னாலதான் நிக்குது. எந்திரிச்சு ஓட எனக்குக் காலும் இல்ல."

கோடை முடியும்போது கவுன்சில் அதிகாரி வந்தாள். லோர்னா என்ற இளம்பெண். அவளுடைய காரைப் பார்த்ததும் கேரியும் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தான். வந்தவர்களை நிற்கவைத்துப் பேச நோராவுக்குத் தெரியாது. கெட்டிலைப் போட்டாள், பிஸ்கட் தட்டை எடுத்து வைத்தாள். மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள்.

"நோரா டீக்காகவே நான் இன்னொரு மாடி கட்டுவேன் மேடம்," என்றான் கேரி.

"இருக்கறதுக்கே அனுமதி இல்ல மிஸ்டர் பூத்ராய்ட்," என்றாள் லோர்னா. பிறகு நோரா பக்கம் திரும்பினாள். "மிஸஸ் சக்டன், நீங்களே சொல்லுங்க. இதனால உங்களுக்கு என்ன பாதிப்பு?"

நோரா கொடுத்த டீக் கோப்பையைக் கேரி கையில் வைத்திருந்தான். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே குறை சொல்ல நோராவுக்கு வாய் வரவில்லை.

"ஐயோ, பாதிப்புன்னு பெருசா ஒண்ணும் இல்லம்மா. சும்மா ஒரு வார்த்தை கேக்கலாம்னுதான் எழுதினேன். உங்களுக்கு எத்தனை வேலை இருக்கும்!"

பின்னறையிலிருந்து ஆர்னல்ட் இருமும் சத்தம் கேட்டது. லோர்னா எழுதிக்கொண்டாள்.

பக்கத்து வீட்டாருக்கே ஆட்சேபம் இல்லை, ஆகவே நடவடிக்கை தேவையில்லை என்று கவுன்சில் புகாரை முடித்துவைத்தது. கட்டி முடித்த வீட்டுக்குக் கேரி பிறகு விண்ணப்பித்தான், அனுமதியும் கிடைத்தது.

"டீ கொடுத்தே என்னைக் கொன்னுட்ட," என்றார் ஆர்னல்ட். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நோரா அன்று முழுவதும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

நவம்பர் மழை பிடித்துக்கொண்டது. சுவரின் நடுப்பகுதி மெல்லமெல்லப் புடைத்து வந்தது. கற்களுக்கு இடையே கறுப்பு ஈரம் கசிந்தது. ஆர்னல்டின் கட்டிலை முன்னறைக்கு மாற்ற நோரா முடிவு செய்தாள். கனமான கட்டில், அவளால் தனியாக அசைக்க முடியவில்லை. ஆகவே கேரியையே கூப்பிட்டாள்.

"முன்பக்கம் வெளிச்சம் நல்லா இருக்கும்னு..." என்றாள்.

"அதுக்கென்ன, நான் இருக்கேன்ல!"

அவன் உற்சாகமாகப் பின்னறைக்குள் வந்து, கட்டிலின் தலைமாட்டைப் பிடித்துக் குனிந்தான். நிமிர்ந்தபோது சன்னல் வழியே சுவரைப் பார்த்தான். மேலே இருப்பவனுக்குச் சுவரின் முகம் தெரியாது, அன்றுதான் பார்க்கிறான். அவன் பிடி நழுவியது.

"என்ன கேரி, உன் வீட்டைக் கீழேருந்து பாத்ததே இல்லையா?" என்றார் ஆர்னல்ட்.

கேரி மறுபடி குனிந்தான். கட்டிலை முன்னறைக்கு இழுத்துப் போட்டான். நோரா நீட்டிய டீயை வாங்காமல் போய்விட்டான்.

மறுநாள் காலை அவன் வேன் மேல்தெருவில் நின்றது. மாமியாரின் சோபா போயிற்று, டிவி போயிற்று, கடைசியில் கைத்தடியோடு மாமியாரும் ஏறினாள். அவன் ஒருமுறைகூடக் கீழே பார்க்கவில்லை. வந்து ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை.

நோரா முன்னறைக்கு வந்து கவுன்சில் எண்ணை அழைத்தாள்.

"அந்தப் புகார் முடிஞ்சுபோச்சு மிஸஸ் சக்டன்," என்றாள் லோர்னா. "நீங்கதானே பாதிப்பு இல்லைன்னீங்க? புதுசா எழுதி அனுப்புங்க, முறைப்படி பாக்கறோம்."

"பொய் சொன்னேன்," என்றாள் நோரா. ஆர்னல்ட் தலையைத் திருப்பிப் பார்த்தார். மனைவியின் குரல் இத்தனை உயர்ந்து அவர் கேட்டதில்லை. "அவன் எதிர்ல உக்காந்திருந்தான், மரியாதைக்குப் பொய் சொன்னேன். அவன் தன் மாமியாரைக் கூட்டிட்டுப் போயிட்டான். என் புருஷனால நடக்க முடியாது. நீ ஆளோட கிளம்பு. நீ வர்றவரைக்கும் நான் போனை வைக்கமாட்டேன்."

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பின்னறைப் பக்கம் சுவரிலிருந்து ஒரு கல் முற்றத்தில் விழுந்தது.