ஆறாவது பக்கத்துக் கண்ணாடி

அழகுபாண்டி எழுமலைக்காரர். மதுரைக்கு வெளியே ஓர் ஆய்வுக்கூடத்தில் பதினோரு வருஷமாகத் தற்காலிக உதவியாளர். அவரை நிரந்தரமாக்கும் கடிதம், ஆய்வாளர் பத்மாசினியின் மேசையில் கையெழுத்துக்குக் கிடந்தது.

2004-இல் சரஸ்வதி பூசை விடுமுறை முடிந்து மூன்றாம் நாள். காற்றில்லாத எஃகுக் கூட்டுக்குள் ருபீடியம் அணுக்களை ஆறு பக்கமும் லேசர் ஒளியால் நெருக்கினால், ஓட்டம் அடங்கி, எந்தப் பனிமலையும் அறியாத குளிருக்கு வந்துவிடும். அப்போது அவை டி.வி. திரையில் ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். மூன்று நாளாகத் திரை கறுப்பாகவே இருந்தது.

"எங்கயோ காத்து கசியுதுண்ணே. கூட்டைத் திறந்துருவோம்," என்றார் பத்மாசினி.

திறந்தால் மறுபடி காற்றை உறிஞ்சி எடுக்க இருபது நாள். நிதி கொடுக்கும் தில்லி அதிகாரிகள் பார்வையிட வரவும் இருபதே நாள். அன்று புள்ளி தெரியாவிட்டால் ஆய்வுக்கூடத்துக்கே பூட்டு.

அழகுபாண்டி ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தார்.

"ஏசி ரூம்ல எதுக்குண்ணே இம்புட்டு வேர்வை?"

"ஒண்ணுமில்லம்மா."

பூசையன்று, "பொட்டு கதவுக்கு மட்டுந்தான்" என்று சொல்லிவிட்டுத்தான் பத்மாசினி கிளம்பினார். ஆனால் பொட்டில்லாத மிஷின் மக்கர் பண்ணும் என்பது அழகுபாண்டியின் நம்பிக்கை. சுவரோரம் இருந்த கண்ணாடியின் சட்டத்தில் கொஞ்சம் சந்தனம் வைத்தார். அது கண்ணாடியில் வழிந்தது. துண்டால் துடைத்தார். போய்விட்டது என்றே மூன்று நாளும் தன்னைத் தேற்றிக்கொண்டார். சொன்னால் கடிதம் போச்சு.

ஸ்பேனர் முதல் போல்ட்டைக் கவ்வியது.

"அம்மா, திருகாதீங்க! அந்தப் பின்னாடி கண்ணாடியைப் பாருங்க. நாந்தான் சந்தனம் வச்சேன்."

பத்மாசினி டார்ச் அடித்துக் குனிந்தார். கண்ணாடி முழுக்க மங்கலாக ஒரு தீற்றல். ஆறாவது பக்கத்து ஒளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடி அது.

"தொடைக்க வேற செஞ்சீங்களா?"

"ஆமாம்மா."

"மூணு நாளு வாயில கொழுக்கட்டையாண்ணே?"

வேறு கண்ணாடி மாட்டி, ஒளியை நேர்ப்படுத்த மத்தியானம் ஆனது. திரையில் உளுந்து அளவு வெள்ளையாக ஒன்று துடித்து நின்றது.

பத்மாசினி மேசைக்கு வந்தார். கடிதத்தை எடுத்து டிராயருக்குள் போட்டார். அதிகாரிகள் வந்து, புள்ளியைப் பார்த்துவிட்டுப் போன மறுநாள்தான் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வருஷப் பூசைக்கு, கதவுக்குப் பொட்டு வைத்ததும் சந்தனக் கிண்ணம் அதே டிராயருக்குள் போனது. சாவி பத்மாசினியின் கைப்பையில்.