இடது பக்கம் இழுத்த வண்டி

காலை 6.40. வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து கிளம்பினேன். கிருஷ்ணகிரிக்குச் சுமார் நூற்றிருபது கிலோமீட்டர். அங்கே நர்சாக இருக்கும் என் மகள் ஷீலாவிடம் காரை ஒப்படைத்துவிட்டு, பஸ்ஸில் திரும்புவதாகத் திட்டம். என் கணவர் போய் ஒரு வருடம் ஆகிறது. வண்டி வாசலில் நின்று தூசி தின்கிறது. எனக்கோ ஓட்ட வராது என்று முடிவாகிப் பன்னிரண்டு வருடம். அழைத்துப் போவதாகச் சொன்ன டிரைவர் ஆறேகாலுக்குப் போன் செய்து, "இன்னிக்கு முடியாதும்மா, நாளைக்கு வர்றேன்" என்றான். எனக்கு வந்ததே கோபம்! லைசென்ஸ் இருக்கிறது, கை கால் இருக்கிறது, போடா என்று நானே ஏறிவிட்டேன்.

7.35. பள்ளிகொண்டா சுங்கச்சாவடியைத் தாண்டினேன். வண்டி இடது பக்கமே போகப் பார்த்தது. அன்றைக்கும் இப்படித்தான். டிரைவிங் ஸ்கூல் காரில் ஒழுங்காக ஓட்டி லைசென்ஸ் வாங்கியவள், எங்கள் காரைத் தொட்ட மூன்றாம் நாள் தெருமுனைக் கல்லில் ஏற்றினேன். "விடு டீச்சர், உனக்கு இது ஒத்து வராது" என்றார் அவர். அவர் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். நானும் விட்டுவிட்டேன். கணக்கு டீச்சருக்குக் கை நேராக நிற்கவில்லையே என்று எத்தனை நாள் வெட்கப்பட்டிருக்கிறேன்.

8.05. மாதனூரில் டீ குடிக்கலாம் என்று சர்வீஸ் ரோட்டில் இறங்கினேன். பின்னால் ஷூ கம்பெனி பஸ் ஒன்று ஹாரன் அடித்தது. கொஞ்சம் ஒதுங்கினேன், வண்டி நிறையவே ஒதுங்கி, முன் இடது சக்கரம் சிமென்ட் கட்டையில் டமாரென்று மோதியது. எனக்கு ஒரு கீறல் இல்லை. சக்கரம் மட்டும் கோணிக்கொண்டு நின்றது. டீக்கடைக்காரர் ஓடிவந்து பார்த்தார்.

"உங்களுக்கு ஒண்ணும் ஆவலயே? அது போதும். ஆம்பூர்ல நம்ம தோஸ்த் மெக்கானிக் இம்தியாஸ் கீறாரு, வண்டி அனுப்பச் சொல்றேன். இத ஓட்டாதீங்க."

மினி லாரியில் காரை ஏற்றிக்கொண்டு போக ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்கு ஏன் இந்த வீம்பு என்று என்னையே திட்டிக்கொண்டு போனேன்.

9.30. ஆம்பூர். தோல் பதனிடும் வாடை பைபாஸிலேயே மூக்கில் ஏறியது. அந்த வாடை வந்தாலே என் வீட்டுக்காரர் கார்க் கண்ணாடியை இறக்குவார். எல்லோரும் ஏற்றுவார்கள், இவர் இறக்குவார். "பிரியாணி வரப்போவுது டீச்சர்" என்பார். ஷீலாவைப் பார்க்கப் போகும்போதெல்லாம் இங்கே நின்று சாப்பிட்டு, கத்தரிக்காய்த் தொக்கை இரண்டாம் முறை கேட்டு வாங்குவார்.

இம்தியாஸ் பாய்க்கு ஐம்பது வயது இருக்கும். காரைத் தூக்கி நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இத்தினி நாளு யாரும்மா ஓட்னது?"

"என் வீட்டுக்காரர்."

"அவருக்கு வலது தோளு வலி இருந்துச்சா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருந்தது. இராத்திரி தவறாமல் தைலம் தேய்த்துவிட்டேன். தலையணையைக் குற்றம் சொல்லி மூன்று தலையணை மாற்றினேன்.

"இங்க குனிஞ்சு பாருங்க. ஸ்டியரிங்க சக்கரத்தோட சேக்கிற இந்தக் கம்பி இன்னிக்கு வளைஞ்சது. பளபளன்னு கீது. ஆனா சக்கரத்தத் தாங்குற இந்த ஆர்ம் எப்பவோ அடிபட்டது. சூடு காட்டி நிமித்திக்கிறாங்க. மேல துரு பாத்தீங்களா? இத வெச்சிக்கினு எத்தினி வாட்டி அலைன்மென்ட் பண்ணி சக்கரத்த நேராக்குனாலும் நிக்காது. வண்டி லெப்ட்லதான் போவும். அவரு வலது பக்கம் இழுத்துப் புடிச்சே ஓட்டிக்கிறாரு. புதுசா உக்காந்தா யாரா இருந்தாலும் கல்லுல ஏத்துவாங்கம்மா."

யாராக இருந்தாலும்! ஷீலாவுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"ஷீலா, இத எப்ப யாரு இடிச்சதுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்மா. நீ ஓட்டக் கத்துக்கறதுக்கு முன்னாடி, காலேஜ் படிக்கும்போது நாந்தான் ஒரு நாள் உனக்குத் தெரியாம எடுத்துட்டுப் போயி இடிச்சேன். அப்பா ரெண்டு நாள்ல சரி பண்ணிக் கொண்டாந்தாரு. உங்கிட்ட சொல்லவே கூடாதுன்னாரு. தெரிஞ்சா நீ என்னை வீட்ல நிக்க வுட மாட்டேன்னு பயம்மா எங்களுக்கு."

போனை வைத்துவிட்டேன். அங்கே கிடந்த டூல்ஸ் பெட்டிமேல் உட்கார்ந்து அழுதேன். பாய் டீ வரவழைத்தார்.

பகல் 1.15. புது ஆர்ம், புதுக் கம்பி, இரண்டு பக்கமும் அலைன்மென்ட், கூலி எல்லாம் சேர்த்து நாலாயிரத்து முந்நூறு. கழற்றிய ஆர்மை எனக்கு நேராகக் காட்டிவிட்டுத்தான் பழைய இரும்போடு போட்டார். அப்புறம், "நீங்களே ஓட்டுங்க" என்று பக்கத்தில் ஏறிக்கொண்டார். ஆளில்லாத நேர் ரோட்டில், "இப்ப கைய லேசா எடுங்க" என்றார். பயந்துகொண்டே எடுத்தேன். வண்டி எந்தப் பக்கமும் சாயாமல் போய்க்கொண்டிருந்தது.

"அவ்ளோதாம்மா. உங்க கையில ஒரு கோளாறும் இல்ல."

2.00. பாயை இறக்கிவிட்டுக் கிருஷ்ணகிரி பக்கமே திருப்பினேன். ஷீலா மறுபடி அழைத்தாள்.

"அம்மா, நீ அங்கேயே இரு. நான் பஸ்ல வந்து வண்டிய எடுத்துக்கறேன்."

"நீ ஒண்ணும் எடுக்க வேணாம். உன்னை நாலு வார்த்தை திட்டத்தான் வர்றேன். நாளைக்கு நானே ஓட்டிக்கிட்டு வேலூர் போவேன்."

வாணியம்பாடிவரை சாலை நேராகக் கிடந்தது. அவரை நினைத்து வாய்விட்டே பேசிக்கொண்டு போனேன். என் கோபத்துக்குப் பயந்து இத்தனை வருடம் தோள் வலிக்க இழுத்துப் பிடித்தீர்களே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? கத்தியிருப்பேன்தான். மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசியிருக்க மாட்டேன்தான். நாலாம் நாள் வண்டியைச் சரி பண்ணி, உங்களை உட்கார வைத்து நான் ஓட்டியிருப்பேனே.