எண்களிட்ட பாலம்

1942-ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில், ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே கொள்ளிடக் கரையில் நடந்தது இது. 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தில் நாட்டில் பல இடங்களில் தண்டவாளங்களைப் பெயர்த்துக்கொண்டிருந்த காலம். ரயில் பாலங்களுக்குக் காவல் போட்டிருந்தார்கள். அதைப் பத்திரிகையில் படித்திருந்தும், காகிதமும் பென்சிலுமாக ஒரு காலையில் ரயில் பாலத்துக்கு எதிரே போய் உட்கார்ந்தேன்.

அப்போது நான் டிராயிங் மாஸ்டர். பொருளைக் கட்டங்களாக உடைத்துத் தீட்டும் ஐரோப்பிய நவீன பாணிக்கு மாறி ஓராண்டு ஆகியிருந்தது. முகம் வரைவது புகைப்படக்காரர் வேலை என்று சொல்லி, அதை அறவே விட்டிருந்தேன். வெளியில் வரையும்போது கட்டந்தோறும் வர்ணத்துக்கு உரிய எண்ணைக் குறித்து வந்து, வீட்டில் தீட்டுவது என் வழக்கம்.

பின்னாலிருந்து ஒரு கை என் தோளை அழுத்தியது. அரைமணி நேரத்தில் காவல் நிலையத்தில், சப்-இன்ஸ்பெக்டரின் மேஜைமுன் நின்றேன்.

"என்னய்யா இது?"

"பாலம்ங்க."

"தூணையே காணோம், தண்டவாளம் ஆகாசத்துல போவுது. இந்த 4 எத்தனாவது தூணு?"

"அது நீலம்ங்க."

"அப்ப 7?"

"செங்காவி."

என்னைப் பிடித்து வந்த ஏட்டு சிரித்தார். "நெத்தி நிறைய நாமம் போட்டுக்கிட்டு எப்படிப் புளுகுறாரு பாருங்கய்யா!"

அந்த வாரம் போலீஸார் அழைத்துச் சென்ற எங்கள் தெருக்காரர் ஒருவர் இன்னும் வீடு திரும்பவில்லை. என் மனைவிக்கு அது எட்டாம் மாதம்.

சப்-இன்ஸ்பெக்டர் வெள்ளைத்தாள் ஒன்றைத் தள்ளினார். "மாஸ்டர்னு சொல்றீங்கல்ல, நம்ம ஏட்டை வரைங்க. ஏட்டாவே தெரியணும். இல்லேன்னா நேரா ஜெயிலுதான்."

ஓராண்டுப் பழக்கத்தில் மூக்கு முக்கோணமாய் விழுந்தது, பதறி அழித்தேன். கன்னமும் கட்டமாக மாறப் பார்த்தது. கடைசியில் ஓவியம், பாணி யாவும் மறந்து, ஏட்டின் இடக்கண்ணுக்குக் கீழிருந்த அம்மைத் தழும்பை மட்டும் பற்றிக்கொண்டேன். அதிலிருந்து கண், கண்ணிலிருந்து புருவம், பிறகு ஒருபுறம் தாழ்ந்த மீசை. வியர்வை தாளில் சொட்டியது.

ஏட்டு எட்டிப் பார்த்து முகம் சுளித்தார். "என் மூக்கு இவ்வளவு பெருசாவாய்யா இருக்கு?"

"அதுக்கு மேலயே இருக்குய்யா!" என்று வாய்விட்டுச் சிரித்தார் சப்-இன்ஸ்பெக்டர். பிறகு என் பாலத்தை நான்காகக் கிழித்தார். "போங்க சாமி. இனிமே இதெல்லாம் வீட்டுக்குள்ள வச்சுக்குங்க."

தெருமுனை வரை நடந்தேன். அங்கே கண்ட முதல் திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன்.

அன்று நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. அவற்றுள் ஒன்றும் என்னைக் காக்கவில்லை. பிற்காலத்தில் இன்னும் இருமுறை என் பாணி மாறியது. இருமுறையும், மாறுவதற்குமுன் ஒரு மாதம் மனித முகங்களை உள்ளது உள்ளபடி வரைந்து பார்த்துக்கொண்டேன். அது கலைக்குச் செய்த மரியாதையா, அடங்காத அச்சமா என்பது இன்றும் எனக்கே விளங்கவில்லை.