‘தவணை தாருங்கள்’ என்று எழுதாதீர்கள்

“நாசமாப் போச்சு அக்கா!” என்றபடி வந்து கதிரையில் விழுந்தாள் தவமலர்.

நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் நான் கடிதம், மனு எல்லாம் தட்டச்சு அடிக்கும் லிகிதராக இருந்தேன். எங்கள் சட்டத்தரணி ஒரு பெண். எல்லோரும் அவரை மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். நான் ஓய்வு பெற்ற பிறகும், புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் வந்து, “வழக்கைக் கெதியா, குறிச்ச நாளுக்கு முன்னமே கூப்பிடச் சொல்லி எழுதுற கடிதத்துக்கு மாதிரி ஒண்டு தாங்கோ” என்று கேட்கிறார்கள். மாதிரியைப் பார்த்து எழுதித்தான் பாதிப் பேர் கெடுகிறார்கள். அதனால் நான் தவமலரின் கதையைச் சொல்லி அனுப்பிவிடுவேன்.

தவமலருக்கு ஊர் வட்டக்கச்சி. அவளிடம் இருந்தது ஒரேயொரு பசு. பால் வற்றிய காலத்தில் அதை மேய்ச்சலுக்கு விட்டிருக்கிறாள். அது போய்ப் பக்கத்து ஊர் செல்வரத்தினத்தின் பட்டியில் சேர்ந்துவிட்டது. குறிசுட்ட இடம் மங்கிப்போயிருந்தது. மாடு என்னுடையது என்று இவள் நின்றாள், என்னுடையது என்று அவர் நின்றார். விஷயம் வழக்காகி, தீர்ப்பு வரும்வரை மாட்டைப் பொலிஸ் வளவில் கட்டினார்கள். நேரத்துக்கு வைக்கோலும் தண்ணீரும் வைத்தார்கள், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் மாடு நிறைசினை.

ஆகவே எங்களிடம் வந்த அன்று காலை, வழக்குக்குப் போனபோது தவமலர் தானே ஒரு கடிதம் எழுதி நீதிமன்றத்தில் கொடுத்திருக்கிறாள். “மாடு கன்று ஈனப்போகிறது. ஆகவே எனக்கு ஒரு தவணை தந்து உதவவும்.”

எங்கள் பக்கத்தில் வழக்குக்குப் போகிற நாளைத் தவணை என்போம். “நாளைக்கு எனக்குத் தவணை” என்றால் நாளைக்கு வழக்கு என்று அர்த்தம். ஆனால் வழக்காளி தவணை கேட்கிறார் என்றால் நீதிமன்றம் விளங்கிக்கொள்வது வேறு. இன்றைக்கு வேண்டாம், தள்ளிப்போடுங்கள் என்று கேட்கிறார் என்பதுதான் அது. வீட்டில் ஏதோ மாடு ஈனப்போகிறதாம், அதனால் இவளுக்கு இப்போதைக்கு வழக்குக்கு நிற்க வசதியில்லையாம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

“அப்போ தவணைதான் கேட்கிறீர்கள்?” என்று நீதவான் ஒரு தடவை கேட்டும் இருக்கிறார். இவள் கும்பிட்டு, “ஓம் ஐயா, ஓம் ஐயா” என்றிருக்கிறாள். வழக்கு அடுத்த மாதக் கடைசிக்குப் போய்விட்டது.

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. “ஆர் உங்களை ஓம் சொல்லச் சொன்னது?” என்று ஏசினேன்.

“கேட்டதைத் தரப்போறார் எண்டெல்லோ நினைச்சன்” என்றாள். அதற்கு மேல் எப்படி ஏசுவது?

மிஸ் உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். “மோஷன் ஒண்டு போடுவம். நீங்க விஷயத்தைக் கேட்டு அடியுங்கோ, நான் பாக்கிறன்” என்றார். மோஷன் என்பது குறித்த நாளுக்கு முன்பே வழக்கை அழைக்கும்படி கேட்கும் நகர்த்தல் பத்திரம்.

தவமலர் தொடக்கத்திலிருந்து தொடங்கினாள். “இதின்ர தாயை நான் சண்டை முடிஞ்சு முகாமால வந்த கையோட வாங்கினது அக்கா...”

“அது விசாரணையில சொல்லுற கதை. இப்ப எனக்கு ஒண்டே ஒண்டு சொல்லுங்கோ. அடுத்த மாதம் வரைக்கும் ஏன் பொறுக்க ஏலாது?”

அவள் கண் கலங்கிச் சொன்னாள். “போனமுறை கண்டின்ர பின்னங்கால்தான் முதல் வந்தது. நான் கையை விட்டு இழுத்திராட்டி தாயுமில்லை, கண்டுமில்லை. மடி இறங்கிட்டுது அக்கா, இனிக் கன நாள் இல்லை. பொலிஸ் வளவில ஆர் கையை விடுறது?”

அவள் சொன்னதை அப்படியே எழுத்துத் தமிழில் அடித்தேன். வழக்கு இலக்கத்தைப் போட்டு, வழக்கை முற்படுத்தி அழைக்கும்படியும் தீர்ப்பு வரும்வரை மாட்டைப் பிணைமுறியில் அவளிடம் ஒப்படைக்கும்படியும் கேட்டு, அதற்கான காரணத்தைச் சொன்னேன். ஒரு பக்கம்கூட வரவில்லை. தவணை என்ற சொல்லைத் தொடவேயில்லை. மிஸ் ஒரு காற்புள்ளி போட்டுக் கையெழுத்து வைத்தார்.

புதுப் பிள்ளைகள் மறக்கிற இடம் இனித்தான். எதிராளிக்குப் பிரதி கொடுக்காமல் மோஷன் போட்டால், அவருக்கு அறிவித்துவிட்டு வாருங்கள் என்று திருப்பிவிடுவார்கள். தபாலில் அனுப்பிக்கொண்டிருக்க நேரமில்லை. நான் குடையை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு ஓடினேன். காலையில் வழக்குக்கு வந்திருந்த செல்வரத்தினம் ஊருக்குப் போக அங்கே பஸ்ஸுக்கு நின்றார்.

“நான் ஏன் பிள்ளை கையெழுத்து வைக்கோணும்? மாடு என்ர” என்றார்.

“மாடு ஆரின்ர எண்டு இதில இல்லை அண்ணை. பிரதி கிடைச்சது எண்டு மட்டும் வையுங்கோ. வாசிச்சுப் பாத்திட்டே வையுங்கோவன்.”

வாசித்தார். முகம் மாறியது. “பின்னங்காலோ?” என்று கேட்டார். நான் தலையாட்டினேன். பேனையை வாங்கிக் கையெழுத்து வைத்தார்.

அந்தக் கிழமைக்குள்ளேயே வழக்கு அழைக்கப்பட்டது. “மாடு உங்களுடையது என்பதற்கு என்ன ஆதாரம்?” என்று நீதவான் கேட்டார். மிஸ் எழும்பி வாய் திறக்குமுன் தவமலர் முந்திக்கொண்டாள்.

“அதை நீங்க பிறகு ஆறுதலாப் பாருங்கோ ஐயா. கண்டு போடேக்கை நான் பக்கத்தில நிக்கோணும். அவ்வளவுதான்.”

நீதவான் செல்வரத்தினத்தைப் பார்த்தார்.

“மாடு என்ர ஐயா. ஆனா இப்ப அவ கொண்டு போகட்டும்” என்றார் அவர்.

மாட்டையோ கன்றையோ விற்கக் கூடாது, எதிராளி வந்து பார்க்கலாம் என்ற நிபந்தனையோடு மாட்டை விட்டார்கள்.

கடிதம் எழுதும்போது நான் அன்றைக்குப் படித்ததுதான் இன்றைக்கும் சொல்வது. நியாயம் உங்கள் பக்கம் என்று எழுத வேண்டாம், அதை எல்லோரும் எழுதுவார்கள். ஏன் பொறுக்க முடியாது என்பதை எழுதுங்கள். அதை வழக்காளியின் வாயால் கேட்டு எழுதுங்கள்.

சில நாள் கழித்துத் தவமலர் போன் எடுத்தாள். “இந்த முறையும் பின்னங்கால்தான் அக்கா! நாகு, பொம்பிளைக் கண்டு. ரெண்டும் எழும்பி நிக்குதுகள்.”

“தனியவோ இழுத்தனீங்கள்?”

“இல்லை, செல்வரத்தினம் அண்ணை தாயைப் பிடிச்சவர். சும்மா பாக்க வந்த மனிசன், சேட்டைக் கழட்டி வைச்சிட்டு இறங்கிட்டார்.”

“அப்ப வழக்கு முடிஞ்சுதோ?”

“எங்க முடியிறது! கண்டைத் துடைச்சுவிட்ட கையோட, இதுவும் தன்ர எண்டு சொல்லிப்போட்டெல்லோ போறார்” என்றாள். அவள் குரலில் துளி கோபமில்லை.